கிராணியாரின் இரண்டு புலிக்காசுகள்

கடாரம் கொண்ட சோழப் பெரும்படை கடற்கரையோடு நின்றுவிடவில்லை. ஐயாயிரம் அடி மலையேறி, பனிக்காட்டைப் பிளந்து, மலாயாவின் பகாங் மண்ணின் உச்சியில் புலிக்கொடி நாட்டி, அதற்கு அடையாளமாகத் தன் பேரரசின் நாணயங்களைப் பூமாதேவியின் மடியில் ஒப்படைத்துவிட்டுத்தான் ஊர் திரும்பியது. இதை மறுக்க இதுவரை எந்தச் சரித்திர ஆசிரியரும் துணியவில்லை. காரணம், எந்தச் சரித்திர ஆசிரியருக்கும் இது தெரியாது. ஆதாரம் முழுவதும் பசும்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சிவசாமியின் வீட்டில், சாமி படத்துக்குக் கீழே, ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தது.

டின்னுக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் இரண்டு காசு. சுண்டுவிரல் நக அகலத்தைவிடக் கொஞ்சம் பெரிது. பச்சைக் களிம்பு ஏறியது. நடுவில் ஒரு புலித்தலை. புலியைச் சுற்றி ஏதோ எழுத்து தேய்ந்து கிடந்தது. அதைக் கிராணி பூதக்கண்ணாடி வைத்து எட்டு வருஷமாகப் படித்து வந்தார். முதல் வருஷம் 'ஸ்ரீ' என்று படித்தார். நாலாவது வருஷம் அது 'ஸ்ரீ ராஜ' என்று வளர்ந்தது. இந்தச் சம்பவம் நடந்த 1979-இல் 'ஸ்ரீ ராஜேந்திர' வரைக்கும் வந்துவிட்டது. இன்னும் பத்து வருஷம் விட்டிருந்தால் மெய்க்கீர்த்தி முழுவதையும் படித்து முடித்திருப்பார்.

அவரிடம் வேறு காசுகளும் இருந்தன. ஜார்ஜ் மன்னர் தலை போட்ட சதுரச் சல்லி, ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டு, 1845 என்று ஆண்டு பொறித்த கிழக்கிந்தியக் கம்பெனிச் செப்புக்காசு. கம்பெனிக் காசு அசல். அசல் என்பதால் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. எழுதும் மேசையின் ஒரு கால் ஆடுகிறது என்று அதற்கு அடியில் கொடுத்து வைத்திருந்தார்.

புலிக்காசு கிடைத்தது 1971-இல். குசினிக்குப் பின்னால் சௌசௌ கொடி வைக்கக் குழி தோண்டினபோது மண்வெட்டியில் வந்தது. அவர் மனைவி அம்சவல்லி அன்றைக்கே சொன்னாள்:

"அது நான் பழந்துணி கொளுத்துற குழிங்க. அதுல என்னா ராஜா காசு?"

"நீ துணி கொளுத்துறதுக்குத் தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னாடி அங்க யாரு என்னத்தக் கொளுத்தினான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அதான் சரித்திரம்."

கிராணியை நேரில் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. காக்கி அரைக்கால்சட்டை, முழங்கால் வரை வெள்ளைக் காலுறை, நாலு விரல் அகலத் தோல் பெல்ட். வெள்ளைக்காரத் துரைகள் போய், அடுத்து வந்த துரைகள் எல்லாம் நீளக் கால்சட்டைக்கு மாறிய பிறகும், சிவசாமி மட்டும் சாம்ராஜ்யத்தைக் கைவிடவில்லை. பெல்ட்டுக்கு மேலே வயிறு தகரக்கூரை மாதிரி இறங்கியிருக்கும். அவருக்கும் அவர் இடுப்புக்கும் பல வருஷமாகச் சந்திப்பே கிடையாது. காலையில் சட்டையும் கால்சட்டையும் மாட்டிவிடுவது அம்சவல்லியின் வேலை.

பசும்பாறையில் பக்தி அதிகம். மாரியம்மன் திருவிழா ஒரு மண்டையாவது உடையாமல் முடிந்தால், இந்த வருஷம் ஆத்தா இறங்கவில்லை என்று பேசிக்கொள்வார்கள். சண்டை எல்லாம் ஒரே விஷயத்துக்குத்தான்: பூஜை முடிந்ததும் பண்டாரம் தட்டை எடுத்து வருகிறாரே, அந்த முதல் விபூதி யார் கையில் விழுவது?

மூன்று தலைமுறையாக அது மேல் லயத்தை மேய்க்கும் பெரிய கங்காணி நாகப்பன் வீட்டுச் சொத்து. 1956-இல், கூலிகளின் வரிசை வீடுகளில் கீழ்வரிசையான கீழ் லயத்துக் கருப்பையா தீச்சட்டி ஏந்தி மூன்று சுற்று வந்து, சட்டியை இறக்கிவைத்த மயக்கத்தில், வரிசை தெரியாமல் பண்டாரத்திடம் கையை நீட்டிவிட்டார். நாகப்பனின் அப்பா ரோத்தான் பிரம்பை எடுத்தார். மூன்று அடி. ஏற்கெனவே சட்டிச் சூட்டில் வெந்திருந்த கை. இரண்டு விரல் எலும்பு நொறுங்கி, அப்புறம் மடங்கவே இல்லை. மீதி மூன்று விரலை வைத்துக்கொண்டு இருபது வருஷம் கொழுந்து கிள்ளினார் கருப்பையா. அந்த இரண்டு விரலும் எப்போதும் யாருக்கோ வழி காட்டுவது மாதிரி நீட்டிக்கொண்டே இருக்கும். சடக்கோரம் சும்மா நின்றால்கூட, கை காட்டுகிறார் என்று லோரிகள் நிற்கும்.

அந்த அடியை எட்டு வயதில் பக்கத்தில் நின்று பார்த்த மகன் வீரப்பன், இப்போது தோட்டத்து லோரி டிரைவர். அப்பாவுக்கு வயது எழுபத்துநாலு, நெஞ்சில் சளி, தோட்டத்து மருந்துக்காரர் டிரெசர் கையை விரித்துவிட்டார். வீரப்பனுக்கு உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்று. குடித்தாலும் அதைத்தான் சொல்வான், குடிக்காவிட்டாலும் அதைத்தான் சொல்வான்: "எங்கப்பன் சாவுறதுக்குள்ள அந்தக் கையில முதல் துன்னூறு விழணும்லா. விழுந்த மறுநாள் என்னை வெட்டிப் போட்டுக்குங்க."

வெட்டுவதற்கும் ஆள் தயாராக இருந்தது. நாகப்பனின் மகன் தங்கராஜு, கவாத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். தேயிலைச் செடியைக் கழுத்தளவில் வெட்டுகிற வளைந்த கத்தியை, வேலை இல்லாத நாளிலும் இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறவன்.

1979-இல் கோயிலைப் புதுப்பிக்க முடிவாயிற்று. அம்மன் சிலையைப் பெயர்த்தெடுத்து, பீடத்தைச் செப்பனிட்டு, திரும்ப வைத்துக் கும்பாபிஷேகம். இதைப் பேச ஆயாக்கொட்டகையில் கூட்டம். பிள்ளைகள் உட்காருகிற குட்டி நாற்காலிகளில் பெரிய மனிதர்கள் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்திருந்தார்கள். அப்போது வீரப்பன் எழுந்து ஒரு குண்டைப் போட்டான்.

"சிலை வைக்கும்போது அடியில காசு போடுறது வழக்கம். யாரு காசு ஆத்தா காலடியில கிடக்குதோ, அவன் வீட்டுக்குத்தான் முதல் மரியாதை. இந்த ஆத்தாளுக்கு அடிக்காசு வச்சது எங்க தாத்தா."

"உங்க தாத்தாவா?" என்றார் நாகப்பன். "அவன் கோவணமே எங்க தாத்தா குடுத்ததுடா."

தங்கராஜு ஒரு குட்டி நாற்காலியை எடுத்து வீரப்பன் முதுகில் உடைத்தான். வீரப்பன் திரும்பி, பிள்ளைகளுக்குப் பால் கரைத்து வைத்திருந்த அண்டாவுக்குள் தங்கராஜுவின் தலையை அமுக்கி, குமிழி வருவது நிற்கும் வரை பிடித்துக்கொண்டான். நாலு பேர் சேர்ந்து இழுத்ததில் தங்கராஜு பிழைத்தான். மூக்கு வழியாகப் பால் வந்தது. சிலையை எடுக்கும்போது பார்த்துவிடுவோம், அடியில் கிடக்கும் காசை விஷயம் தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்லட்டும் என்று பண்டாரம் அண்டாவுக்குப் பின்னால் நின்றுகொண்டே ஒரு வழி சொன்னார். தோட்டத்தில் காசு விஷயம் தெரிந்தவர் ஒருவர்தான். எல்லாரும் கிராணியைப் பார்த்தார்கள். கிராணி எட்டு வருஷமாகக் காத்திருந்த பார்வை அது.

சனிக்கிழமை மத்தியானம் நாகப்பன் கிராணி வீட்டுக்கு வந்தார். அப்பாவின் ரோத்தானை மேசை மேல் வைத்தார். மேசை ஆடவில்லை, அடியில் கம்பெனிக் காசு இருந்தது.

"கிராணியாரே, ஆத்தாளுக்குக் கீழ எங்க தாத்தா வச்ச காசு இருக்கு."

"இருக்கட்டும்."

"ஆனா…"

"ஆனா?"

"தாத்தா மறந்திருந்தா?"

கிராணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பழைய காசா இருக்கணும்லா?" என்றார் நாகப்பன், குரலைத் தாழ்த்தி. "எங்கிட்ட இருக்கறதெல்லாம் போன மாசச் சம்பளத்துல வந்தது. பார்லிமெண்டுப் படம் பளபளங்குது. உங்ககிட்டதான் அந்தக் காலத்துச் சாமான் இருக்காமே."

ரோத்தானைப் பார்த்துப் பயந்துதான் கொடுத்தேன் என்று கிராணி பிற்பாடு சொன்னது பொய். அவர் கண்ணில் அப்போது தெரிந்தது வேறு காட்சி. சிலை மேலே எழுகிறது. அடியில் சோழர் காசு. தோட்டமே சாட்சி. ஈப்போவிலிருந்து பத்திரிகை நிருபர், கேமராவோடு. பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்துக் காட்டினால் சிரிக்கிற உலகம், ஆத்தாள் காலடியிலிருந்து எடுத்தால் வாயைப் பொத்திக்கொள்ளும். அவர் பஞ்சைப் பிரித்தார்.

"புலி போட்டிருக்குதே. ஆத்தாளுக்குச் சிங்கம்தானே?"

"சோழர் காலத்துல புலிதான்" என்றார் கிராணி. "கையால தேய்க்காதீங்க. களிம்புதான் சரித்திரம்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வீரப்பன் வந்தான். வருவதற்கு முன்னால் அவன் அப்பாவிடம் ஒரு தடவை கேட்டுப் பார்த்தானாம்: "ஏம்பா, தாத்தா காசு வச்சாரா, இல்லியா?" கருப்பையா இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: "எங்கப்பங்கிட்டக் காசு இருந்திருந்தா இந்த மலைக்கு ஏண்டா வரப்போறான்?"

அதனால் வீரப்பன் முன்வாசல் வழியாக வரவில்லை. குசினிக் கதவை உதைத்துத் திறந்துகொண்டு வந்தான். பசியாறிக்கொண்டிருந்த கிராணியின் பெல்ட்டைப் பிடித்து, தோசையோடு சேர்த்துத் தூக்கினான். வெள்ளைக் காலுறை இரண்டும் தரைக்கு ஒரு சாண் மேலே ஆடின.

"நேத்து அந்தக் கங்காணி இங்க வந்தானா?"

"சும்மா… கும்பாபிஷேகப் பத்திரிகை… எறக்கு தம்பி, பெல்ட்டு அறுந்துரும்!"

"எனக்குப் பழைய காசு ஒண்ணு வேணும். எங்கப்பனுக்காக. புதன்கிழமை எல்லாரு முன்னாடியும் நீங்க வாய் மாறிப் பேசினா, அப்புறம் பேச வாய் இருக்காது கிராணியாரே."

இரண்டாவது காசையும் கிராணி கொடுத்தார். கொடுக்கும்போது முகத்தில் ஒரு பூரிப்பு இருந்ததை அம்சவல்லி கவனித்தாள். வீரப்பன் போனதும் கேட்டாள்:

"ரெண்டு பேருக்கும் குடுத்தீங்களே. ரெண்டும் வெளிய வந்தா?"

"வந்தா ரெண்டு ஆதாரம்."

"அடிச்சுக்குவாங்க."

"கூலிங்க அடிச்சுக்கறதெல்லாம் சரித்திரத்துல வராது, அம்சா."

அவர் சொன்னது சரி. சரித்திரத்தில் வரவில்லை. போலீஸ் ரிப்போர்ட்டில்தான் வந்தது.

திங்கட்கிழமை கொத்தனார் பீடத்தைச் சுற்றியிருந்த பழைய பூச்சைக் கொத்தி எடுத்தார். சிலைக்கும் பீடத்துக்கும் நடுவே ஒரு விரல் அளவு இடைவெளி விழுந்தது. கொத்தனார் சாப்பிடப் போன நேரம், நாகப்பன் வந்து அம்மனுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்தபோது விரலில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அரைமணி கழித்து வீரப்பன் வந்து பயபக்தியோடு பிரகாரம் சுற்றினான். பின்பக்கம் போனவன் திரும்பி வரக் கொஞ்சம் நேரமாயிற்று. ஆத்தாளுக்கு ஒரே நாளில் இவ்வளவு பக்தி வந்ததில் கொத்தனாருக்கு ஆச்சரியம்.

புதன்கிழமை காலை ஒன்பது மணி. பனி விலகவில்லை. தோட்டத்தில் பாதி நாள் லீவு. மேல் லயத்தார் ஒரு பக்கம், கீழ் லயத்தார் ஒரு பக்கம், நடுவில் பொங்கல் கொதிக்கும் அண்டா. ஆண்கள் எல்லாரும் வேட்டிக்கு மேல் துண்டு கட்டியிருந்தார்கள். துண்டுக்குள் ஏதோ நீளமாகத் துருத்திக்கொண்டிருந்தது. கருப்பையாவை நாற்காலியோடு தூக்கி வந்து முன்வரிசையில் வைத்திருந்தான் வீரப்பன். கிழவரின் கை மடியில் இருந்தது, இரண்டு விரலும் கர்ப்பகிரகத்தைப் பார்த்து நீட்டியபடி.

கிராணி இருபது நிமிஷம் பேசினார். கப்பல் வந்தது, கடாரம் விழுந்தது, யானைகள் தாப்பா வழியாக மலையேறின. யானை ரிங்லெட்டுக்கு வந்து சேர்ந்தபோது நாகப்பன் இருமினார். கிராணி முடித்துக்கொண்டார்.

ஆறு பேர் கயிறு கட்டிச் சிலையை இழுத்தார்கள். ஆத்தாள் அசைந்து, எழுந்து, அந்தரத்தில் நின்றாள். அடியில் ஈர மண், மக்கிப்போன நவதானியம், சுருண்டு செத்த ஒரு பூரான். இந்தப் பக்க ஓரத்தில் ஒரு காசு. அந்தப் பக்க ஓரத்தில் ஒரு காசு.

கிராணி பூதக்கண்ணாடியோடு குனிந்தார். பெல்ட் முனகியது. "ஸ்ரீ ராஜேந்திர!" என்று கத்தினார். கிராணி ஈப்போவிலிருந்து வரவழைத்திருந்த நிருபர் பளிச்சென்று படம் எடுத்தார். பசும்பாறையில் சோழ சாம்ராஜ்யம் நிலைத்தது ஏறக்குறைய நாலு வினாடி.

"எங்க தாத்தா காசு!" என்றான் வீரப்பன்.

"எங்க தாத்தா காசு! புலி போட்டிருக்கும்னு சொல்லிட்டுத்தான் செத்தாரு!" என்றார் நாகப்பன்.

"உங்க தாத்தாவா? திருட்டுக் கங்காணி, வெளியில இருந்து செருகினியாடா?"

"நீதாண்டா செருகின! மலையேறி வந்த பிச்சைக்காரப் பயலுக்கு ஏதுடா காசு?"

தான் செய்ததையே எதிராளி செய்திருப்பான் என்று நம்புகிறவனுக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அது சாதாரணக் கோபம் இல்லை. நாகப்பன் ரோத்தானை வீசினார். அது வீரப்பனின் முகத்தில் நெற்றியிலிருந்து தாடை வரை ஒரு சிவப்புக் கோடு போட்டது. வீரப்பன் ரோத்தானைப் பிடிக்கவில்லை, ரோத்தான் பிடித்திருந்த ஆளைப் பிடித்தான். இரண்டு பேரும் பொங்கல் அண்டா மேல் விழுந்தார்கள். அண்டா கவிழ்ந்து, முன்வரிசையில் பாதம் வெந்தவர்கள் அலறினார்கள். அந்த அலறலை இரண்டு லயமும் உத்தரவாக எடுத்துக்கொண்டது.

துண்டுகள் அவிழ்ந்தன. கவாத்துக் கத்தி, விறகுக் கட்டை, லோரி ஜாக்கிக் கம்பி. தங்கராஜு, அப்பனுக்கு மேலே கிடந்த வீரப்பனின் தோளில் கத்தியை இறக்கினான். எலும்பில் கத்தி மாட்டிக்கொண்டு வரவில்லை. காலை முதுகில் ஊன்றி இழுத்தான். கத்தியோடு கொஞ்சம் சதையும் வந்தது. வீரப்பனுக்குக் கை இரண்டும் வேலை செய்யாத அந்த நேரத்தில் வாய் மட்டும் வேலை செய்தது. நாகப்பனின் இடது காதைக் கடித்தான். மூன்று தலைமுறைக் கௌரவமான சிவப்புக்கல் கடுக்கன், அது தொங்கிக்கொண்டிருந்த காதுமடலோடு சேர்ந்து அவன் வாய்க்கு வந்தது. துப்பினான். நாகப்பன் வீட்டார் நாலு பேர் சண்டையை விட்டுவிட்டுக் கடுக்கனைத் தேடிச் சேற்றில் தவழ்ந்தார்கள். தவழ்ந்தவர்களின் முதுகில் கீழ் லயம் ஏறி மிதித்தது.

வீரப்பனின் பெண்சாதி பாஞ்சாலை கொழுந்துக் கூடையைப் பின்பக்கமாக வந்து தங்கராஜுவின் தலையில் கவிழ்த்தாள். "குருடா, இப்ப வெட்டுடா பாப்போம்!" அவன் கண் தெரியாமல் கத்தியைச் சுழற்றியதில் மேல் லயத்து ஆளே ஒருவன் விரலைப் பறிகொடுத்தான். யாரோ ஜாக்கிக் கம்பியால் தங்கராஜுவின் முழங்காலுக்குக் கீழே ஒரு போடு போட்டார்கள். காய்ந்த தேயிலைக் கிளை ஒடிகிற சத்தம் கேட்டது. கூடைக்குள்ளிருந்து "அம்மா" என்று ஒரு குரல், பெரிய மண்டோரின் குரல் மாதிரியே இல்லை.

இத்தனைக்கும் நடுவில் ஆத்தாள் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தாள். கயிறு பிடித்த ஆறு பேரில் மூன்று பேர் சண்டைக்குப் போய்விட்டார்கள். சிலை இந்தப் பக்கம் வரும்போது அடித்துக்கொண்டிருந்தவர்கள் குனிந்து, "ஆத்தா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, அது போனதும் நிமிர்ந்து விட்ட இடத்திலிருந்து அடித்தார்கள். மரியாதையில் யாரும் குறை வைக்கவில்லை.

பண்டாரம் ஓடிவிட முடிவு செய்தார். கையில் விபூதித் தட்டு. கீழே வைத்தால் அபச்சாரம். எதிரில் நாற்காலியில் ஒரு கிழவர் கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தட்டை அந்தக் கையில் திணித்துவிட்டுப் பண்டாரம் தேயிலைச் செடிகளுக்குள் பாய்ந்தார். கருப்பையா தட்டைப் பார்த்தார். சுற்றும் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை. மடங்காத இரண்டு விரலையும் விபூதிக்குள் விட்டு, நெற்றியில் காதுக்குக் காது இழுத்தார். அதற்கு அடுத்த நிமிஷம், கீழ் லயத்திலிருந்து மேல் லயத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு செங்கல், போகிற வழியில் அவர் தோள்பட்டை எலும்பை முறித்துவிட்டுப் போனது.

சண்டை நின்றதற்குக் காரணம் களைப்பு இல்லை. காதைப் பொத்திக்கொண்டு, விரல் இடுக்கில் ரத்தம் வழிய, நாகப்பன் கேட்ட ஒரு கேள்வி.

"டேய்… உனக்கு எப்படிடா புலிக்காசு கிடைச்சது? அது கிராணி வீட்டுல…"

பாதியில் நிறுத்தினார். வீரப்பனும் ஓங்கிய கையைப் பாதியில் நிறுத்தினான்.

"உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். கிராணி பீடத்துக்குப் பின்னால் முட்டிபோட்டு, இரண்டு காசையும் உள்ளங்கையில் மூடிக்கொண்டு, சத்தமில்லாமல் நழுவிக்கொண்டிருந்தார்.

"கிராணியாரே" என்றார் நாகப்பன், அத்தனை மரியாதையாக.

"நில்லுங்க சார்" என்றான் வீரப்பன், அதைவிட மரியாதையாக.

இருபத்துமூன்று வருஷத்தில் அந்த இரண்டு குடும்பமும் சேர்ந்து செய்த முதல் காரியம் அது. பேசிக்கொள்ளவே இல்லை, பங்கு தானாகப் பிரிந்தது. வலது பக்கம் மேல் லயம், இடது பக்கம் கீழ் லயம். ரோத்தான் முறியும் வரை நாகப்பன். முறிந்த பிறகு, ஒரு கை மட்டும் வேலை செய்த வீரப்பன். முன்பல் இரண்டு, விலா எலும்பு மூன்று. "சரித்திரம்! சரித்திரத்தை மிதிக்காதீங்கடா!" என்று கிராணி கத்தினார். மூடிய கையை மட்டும் திறக்கவில்லை. ஒருவன் அந்தக் கையின் மேல் ஏறி நின்று பார்த்தான். மணிக்கட்டு முறிந்தது, கை திறக்கவில்லை. போலீஸ் லேண்ட்ரோவர் சத்தம் கேட்டுக் கூட்டம் கலைந்தபோது, மேல் லயத்தானும் கீழ் லயத்தானும் ஒருவன் தோளில் ஒருவன் கை போட்டு ஓடினார்கள்.

ஆஸ்பத்திரியில் ஐந்து பேரையும் ஒரே வரிசையில் போட்டார்கள். தங்கராஜு, நாகப்பன், கிராணி, வீரப்பன், கருப்பையா. கோயிலை போலீஸ் பூட்டிவிட்டது. திருவிழா அந்த வருஷம் கிடையாது. பத்திரிகையில் செய்தி வந்தது, இரண்டு வரி: மலைத்தோட்டக் கோயிலில் கைகலப்பு, பலர் காயம். சோழர் பெயர் இல்லை.

மிஸ்ஸி என்று எல்லாரும் கூப்பிடும் நர்ஸ் கருப்பையாவின் நெற்றியைப் பஞ்சில் டெட்டால் தொட்டுத் துடைத்தாள். கிழவர் தலையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. வீரப்பன் அப்போதுதான் கவனித்தான்.

"அப்பா, துன்னூறு யாரு வச்சது?"

"நான்தான்."

"எப்ப?"

"நீங்கள்ளாம் வேலையா இருந்தீங்கள்ல, அப்ப."

"உனக்கு முன்னாடி வேற யாராச்சும் வாங்கியிருந்தாங்களா?"

"ஒருத்தனும் இல்ல. பண்டாரம் எங்கையிலதான் குடுத்துட்டு ஓடுனான்."

வீரப்பன் கூரையைப் பார்த்துச் சிரித்தான். தோளில் போட்ட தையல் இரண்டு பிரிந்து கட்டில் நனைந்தது. அப்போதும் சிரிப்பு நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அது வேறு மாதிரி ஆகி, முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டான். நாகப்பன் அந்தப் பேச்சைக் கேட்காதவர் மாதிரி படுத்திருந்தார். அந்தப் பக்கத்துக் காதில் பெரிய கட்டு இருந்ததால், நிஜமாகவே கேட்காமலும் இருந்திருக்கலாம்.

சாயங்காலம் அம்சவல்லி மாற்றுத்துணியோடு வந்தாள். கிராணி பல் இல்லாத வாயால் கேட்டார்:

"அம்ஷா… காஷு?"

மயக்க மருந்து கொடுத்த பிறகுதான் கை திறந்ததாம். காசு இரண்டையும் மிஸ்ஸி ஸ்பிரிட்டில் போட்டு, ரத்தம் போகத் தேய்த்துக் கழுவி, ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் வைத்திருந்தாள். ரத்தத்தோடு களிம்பும் போயிருந்தது. பின்பக்கம், ஏதோ ஒடிந்து விழுந்த ஒரு துருப்பிடித்த புள்ளி. முன்பக்கம் புலி பளபளத்தது. சுற்றிலும் இருந்த எழுத்து ஆங்கிலம். மிஸ்ஸி வெளிச்சத்தில் சாய்த்துப் படித்துப் பார்த்து, தமிழில் சொன்னாள்:

"புலி மார்க். தோய்த்தாலும் சுருங்காதுன்னு போட்டிருக்கு."

கிராணி கண்ணை மூடிக்கொண்டார்.

அம்சவல்லி கட்டிலுக்கு அடியிலிருந்து அவர் போட்டிருந்த காக்கிக் கால்சட்டையை எடுத்தாள். சேறு, ரத்தம், பொங்கல். துவைக்க எடுத்துப் போவதற்காக மடிக்கும்போது பெல்ட்டை உருவினாள்.

இடுப்புப் பொத்தானில் அதே புலி இருந்தது.